முதல் தரப்பு ஜனாதிபதி

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பதினோரு ஒப்பந்தங்கள் இருந்தன. பதினொன்றிலும் ஒரு பக்கம் என் அப்பா, மறுபக்கம் இந்திய ஜனாதிபதி.

அப்பா லிட்டில் அந்தமானில், ஹட் பேயில், சின்ன கான்ட்ராக்டராக இருந்தவர். தடுப்புச் சுவர், சிறு பாலம், ரேஷன் கிடங்குக்குக் கூரை, கடைசியாக ஒரு பள்ளிக்கூடம். இந்தத் தீவுகளுக்கு மாநில அரசு என்று ஒன்று கிடையாது. யூனியன் பிரதேசம் என்பதால் அரசாங்க வேலை எதை எடுத்தாலும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இன்ஜினியர், "இந்திய ஜனாதிபதிக்காகவும் அவர் சார்பாகவும்" என்ற வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுவார். அது வெறும் சட்ட வாசகம் என்று மற்ற கான்ட்ராக்டர்கள் எல்லோருக்கும் தெரியும். என் அப்பாவுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தாலும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை.

"முதல் பார்ட்டி அவரு. ரெண்டாம் பார்ட்டி நானு. நடுவுல இன்ஜினியர் சாப் வெறும் பேனா" என்பார்.

ராமநாதபுரம் பக்கத்திலிருந்து இருபது சொச்சம் வயதில் கப்பலேறி வந்து, சித்தாள் வேலையில் தொடங்கி, எழுத்துக் கூட்டி இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். ஒப்பந்தத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படிப்பார். ஒரு வார்த்தை புரியவில்லை என்றால் கையெழுத்தை மறுநாளைக்குத் தள்ளிவிடுவார். ஆபீசில் அவரைக் கண்டாலே தலையில் கை வைத்துக்கொள்வார்கள் என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவர் வீட்டில் ஜனாதிபதி தேர்தல் எப்படி நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மற்ற வீடுகளில் கிரிக்கெட் பார்க்கிற மாதிரி எங்கள் வீட்டில் அதைப் பார்த்தோம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, ஜூலை மழையில், கடல் கொந்தளித்துக் கப்பல் நின்று, காய்கறி விலை ஏறிக் கிடக்கும் நாட்களில், அப்பா டிவி முன்னால் ஒரு நோட்டோடு உட்கார்ந்துவிடுவார். எனக்குச் சோறு வடிக்கத் தெரிவதற்கு முன்பே ஜனாதிபதியை யார் யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரியும். எம்.பி.க்கள் போடுகிறார்கள், எம்.எல்.ஏ.க்கள் போடுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஓர் எடை. எம்.எல்.ஏ.யின் எடை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எம்.பி.யின் எடை தேசம் முழுக்க ஒன்றே.

எங்களுக்குச் சட்டசபை இல்லை. ஆகவே எம்.எல்.ஏ. இல்லை. அத்தனை தீவுகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் எம்.பி., ஒரே ஓர் ஓட்டு.

அந்த ஓட்டுகூட ஒரு காலத்தில் இருந்ததில்லை. அறுபத்தேழாம் வருஷம் வரை எங்கள் எம்.பி.யை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஜனாதிபதியே ஒருவரை நியமிப்பார். நியமன எம்.பி.க்கு ஜனாதிபதி தேர்தலில் ஓட்டு கிடையாது. அதாவது ஜனாதிபதி எங்களுக்கு ஆள் போடுவார், நாங்கள் அவருக்கு ஓட்டுப் போட முடியாது. அப்பா வந்த புதிதில் மராமத்து ஆபீஸ் ஹெட்கிளார்க் ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். அப்பா அதை ஏதோ தன் குடும்பச் சொத்து வழக்கு ஜெயித்த மாதிரி ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "மொதல்ல அவரு நம்ம ஆளை வச்சாரு. இப்ப நம்ம ஆளு அவரை வைக்கிறாரு. எம்புட்டுப் பெரிய மாத்தம் பாரு தாயி!"

முடிவு வருகிற அன்று ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்வார், வம்புக்கென்றே.

"அண்ணே, எங்க எம்.எல்.ஏ. ஒருத்தரு ஓட்டே நூத்துச் சொச்சம். இம்புட்டூண்டு பாண்டிச்சேரிக்குக்கூட எம்.எல்.ஏ. இருக்காக. உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அதுவும் அலை அடிச்சா டெல்லி போய்ச் சேருமோ சேராதோ!"

"ஏண்டா, உன் எம்.பி. எடையும் என் எம்.பி. எடையும் ஒண்ணுதேன? உன் எம்.பி.க்குப் பின்னாடி எத்தனை லட்சம் பேரு நிக்கிறீக? எங்களைப் பாரு, ஒரு கை சனம். பங்கு போட்டா யாருக்குடா சாஸ்தி?"

சித்தப்பா சிரித்துவிட்டுப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவார். நானும் சிரிப்பேன். படித்துக் கணக்கு டீச்சர் ஆன பிறகும் அந்தப் பங்கை ஒருமுறைகூட நான் போட்டுப் பார்க்கவில்லை. அப்பா சொல்கிற கணக்குதானே என்று ஓர் இளக்காரம்.

கடைசியாக நடந்த ஜனாதிபதி தேர்தலில் எம்.பி. ஓட்டின் எடை எழுநூற்று எட்டிலிருந்து எழுநூறாகக் குறைந்தது. காஷ்மீரில் அப்போது சட்டசபை இல்லாததால் மொத்தக் கணக்கு மாறி, அந்த எட்டு கழிந்தது. தேசத்தில் வேறு யாராவது அதற்காக வருத்தப்பட்டார்களா தெரியாது. அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுதான் பதினோராவது ஒப்பந்தம்.

சுனாமி வந்தபோது அந்தக் கட்டடம் பாதி வேலையில், ஜன்னல் மட்டம் தாண்டி எழும்பி நின்றது. நான் போர்ட் பிளேரில் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் காட்டுப் பக்கமாக ஓடி உயிர் பிழைத்தார்கள். சில நாள் கழித்து அப்பா போய்ப் பார்த்தபோது சிமெண்ட், கம்பி, பலகை எதுவும் இல்லை. கடல் பார்த்த சுவர்கள் விழுந்திருந்தன. வேலை முடிக்க வேண்டிய தேதியோ மூன்று மாதத்தில் வருகிறது. ஊரே தகரக் கொட்டகையில் கிடக்கிறது, இவர் ஒப்பந்தத் தேதியை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறார்.

அரசாங்க வேலையில் தடைகளைப் பதிகிற புத்தகம் ஒன்று உண்டு. மழை, சிமெண்ட் கப்பல் வரவில்லை, ஆள் இல்லை என்று தேதி போட்டு எழுதுவார்கள். ஜூனியர் இன்ஜினியர் அந்தப் புத்தகத்தில் அன்றைய தேதிக்கு நேரே 'கடல்' என்று மட்டும் எழுதினாராம். சில வாரத்தில் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜனாதிபதி சார்பில், அபராதம் இல்லாமல், வேலை முடிக்கக் கால நீட்டிப்பு.

தீவில் வேலை எடுத்த அத்தனை பேருக்கும் அதே கடிதம்தான் போயிருக்கும். அதை நான் ஒருமுறை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லியும்விட்டேன். அப்பா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கொட்டாயில படுத்துக் கெடந்தவனை நெனச்சுப் பாத்து, 'நீ மெதுவாச் செய்யி'ன்னு ஒரு மனுசன் சொல்லியிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார்.

பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்தார். அதன் முதல் அறையில்தான் வாக்குச்சாவடி வைத்தார்கள். அதன் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் அப்பா முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போடுவார். போட்டுவிட்டு வெளியே வரமாட்டார். விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றுவார். பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருந்தால் தட்டும்போது டொக்கென்று வெறும் சத்தம் வரும். மற்ற நாளில் போனால் கான்ட்ராக்டர் எதற்கு வந்தார் என்று கேட்பார்கள். ஓட்டு அன்றைக்கு யாரும் கேட்க முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒரு தடவை போர்ட் பிளேரிலிருந்து வந்திருந்த தேர்தல் அதிகாரி பயந்துபோய், "இவர் என்ன தேடுகிறார், பாருங்கள்" என்று போலீஸ்காரரை அனுப்பினார். அந்தப் போலீஸ்காரர் அந்தப் பள்ளியில் படித்தவர். "கான்ட்ராக்டர் சாப் தன் சுவரைப் பார்க்கிறார், விடுங்க சார்" என்றாராம்.

ஒப்பந்தப்படி பழுதுக்கு அவர் பொறுப்பு என்ற காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவர் தனக்குத்தானே அதற்கும் நீட்டிப்பு கொடுத்துக்கொண்டார்.

அம்மா போன பிறகு, நெஞ்சுவலி வந்து போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த பிறகு, அப்பா போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஹட் பே வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். ஆடுகிற கப்பலில் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரரும் நானும் வேலைக்குப் போகிறவர்கள். கப்பலில் ஏழெட்டு மணி நேரம், நடுவில் ஏதாவது ஆனால் யார் இருக்கிறார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும்.

டீச்சர் வேலையோடு சேர்த்து என் தலையில் பி.எல்.ஓ. வேலையும் கட்டியிருந்தார்கள். எங்கள் வாக்குச்சாவடிக்கு உட்பட்ட வீடுகளில் யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று பார்த்து வாக்காளர் பட்டியலைச் சரி செய்கிற வேலை. வீடு வீடாகப் போய், "நீங்க இங்கதான இருக்கீங்க, பேரை இங்க மாத்துங்க" என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டிலேயே ஒருவர் பேர் ஹட் பேயில் இருப்பது உறுத்தியது. அது பாதிக் காரணம். மறுபாதி, பேர் அங்கே இருக்கும்வரை இவர் அங்கே போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பார் என்பது.

கப்பல் சலுகைக்கான தீவுவாசி அட்டையைப் புதுப்பிக்க அவரிடம் நாலைந்து தாளில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அவற்றுக்கு நடுவே முகவரி மாற்றும் எட்டாம் நம்பர் படிவத்தையும் வைத்தேன். கண்ணாடியைத் தேடி எழப்போனவர், "நீதான கொடுக்குற" என்று சொல்லிவிட்டு அத்தனையிலும் கையெழுத்துப் போட்டார்.

சட்டப்படி அது சரியான மாற்றம். அவர் இருப்பது என் வீட்டில்தான். சரியான விஷயத்தைத்தான் மறைத்துச் செய்தேன்.

நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்த வாரம், அப்பா காலை டீயோடு வந்து நின்றார். "ஹட் பேக்கு டிக்கெட் போடு தாயி. ஓட்டுக்கு ரெண்டு நாள் முந்திப் போனாப் போதும்."

"பாக்கறேம்ப்பா" என்றேன். மறுநாள் கேட்டார். "டிக்கெட் இல்லையாம்ப்பா" என்றேன். தீவில் அதைவிட நம்பக்கூடிய பொய் கிடையாது. கப்பல் டிக்கெட் எப்போதுமே இருக்காது. மூன்றாம் நாளும் அதையே சொன்னேன்.

நான்காம் நாள் பள்ளியிலிருந்து வந்தால் அப்பாவைக் காணோம். அரை மணி கழித்து டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்டை நனைய வேர்த்து, சிரித்துக்கொண்டு வந்தார். கப்பல்துறை ஜெட்டியின் கவுண்டரில் காலையிலிருந்து வரிசையில் நின்றிருக்கிறார். ரெண்டு டிக்கெட்டை மேசையில் வைத்தார்.

"மில் கயா! கெடச்சிருச்சு! சீனியர் சிட்டிசனுக்குத் தனி லைனு. உனக்கும் சேத்து எடுத்துட்டேன்."

அதற்கு மேல் முடியவில்லை. நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். பேர் அங்கே இல்லை, இங்கே மாற்றிவிட்டேன், அட்டைத் தாள்களோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கினேன் என்று எல்லாவற்றையும்.

அப்பா டிக்கெட்டுகளை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "அந்தத் தாளு இருக்கா?" என்றார். என் ஃபைலில் நகல் இருந்தது. கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, முதல் வரியிலிருந்து படித்தார். பதினோரு ஒப்பந்தங்களை எப்படிப் படித்தாரோ அப்படி. கடைசியில் விரல் கையெழுத்துக்கு வந்து நின்றது.

"என்னோடதுதேன்" என்றார்.

"அப்பா, நான் வேணும்னு..."

"படிக்காமப் போட்டது என் தப்பு தாயி. பிரசிடெண்டு கொடுத்ததையே படிச்சுட்டுத்தேன் போட்டேன். நீ கொடுத்ததைப் படிக்கல." தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "போட்டா போட்டதுதேன். இதுல எக்ஸ்டென்ஷன் எதுவும் உண்டா?"

பேர் மாற்றக் கடைசித் தேதி முடிந்திருந்தது. "இல்லப்பா" என்றேன்.

"அச்சா" என்றார். "கடலுக்கே கொடுத்தாக. சரி, அது வேற."

திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எங்கள் வீட்டில் அது வழக்கம்தான். அவர் திட்டவில்லை. மறுநாள் தானே போய் டிக்கெட்டுகளை ரத்து செய்துவிட்டு வந்தார். நான் போகிறேன் என்றதற்கு, "நான் எடுத்தது, நாந்தேன் கொடுக்கணும்" என்றார்.

அந்த நாட்களில்தான், பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நின்றபோது, மிஞ்சிய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கம் அந்தப் பங்கைப் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டு எம்.பி. ஒருவருக்குப் பின்னால் இருக்கிற ஜனத்தில் நாங்கள் கால்வாசிகூட இல்லை. அவர்களுடைய எம்.எல்.ஏ.க்களையும் ராஜ்யசபா எம்.பி.க்களையும் சேர்த்துக் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்தேன். எங்கள் ஒற்றை எம்.பி.யின் எடையை எங்கள் தலைகளுக்கு வகுத்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். அப்பா சொன்னதுதான் சரி. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் மொத்தத்தில் நாங்கள் தூசு. ஆனால் ஆளுக்கு ஆள் பார்த்தால் ஊரிலிருக்கும் சித்தப்பாவைவிட அப்பாவின் பங்கு கூடுதல். இத்தனை வருஷம் நான் சிரித்த கணக்கு.

வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் காட்டினேன். சமாதானம் பேசப் போகிறவளுக்கு வேறு என்ன கையிருப்பு?

"அப்பா, நீங்க சொன்னது சரி. இன்னொண்ணு, ஹட் பேயில போட்டாலும் கராச்சர்மாவுல போட்டாலும் அதே எம்.பி.தான். எடை ஒரு துளி மாறாது."

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். தாளைத் திருப்பிக் கொடுத்து, "நான் எடைக்காகவா போறேன்? செவுத்தைப் பாத்து அஞ்சு வருசமாச்சு" என்றார்.

எனக்கு மூக்கு உடைந்தது. வாக்குச்சாவடிதான் அவருக்கு முக்கியம் என்று நினைத்துக்கொண்டு, அதன் சுவரை நான் மறந்தே போயிருந்தேன்.

தேர்தல் அன்று காலை என் பள்ளி வாசலில், பட்டியலோடு உதவி மேசையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களுக்குப் பேர் தேடி வரிசை எண் எழுதிக் கொடுக்க வேண்டும். பெங்காலிக் குடும்பங்கள், தெலுங்குக்காரர்கள், மலையாளிகள், எங்கள் தெருத் தமிழர்கள் என்று வரிசை நீண்டது. அப்பா தேய்த்த வெள்ளைச் சட்டையில் அந்த வரிசையில் நின்றார். முன்னால் கூப்பிட்டேன், வரவில்லை. முறை வந்ததும் அட்டையை மேசையில் வைத்தார்.

"மேடம், என் பேரு இருக்கா பாருங்க."

கேலியா, கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். இரண்டும் இல்லை. ஆபீசில் நிற்கிறபோது அவர் எப்போதும் அப்படித்தான் நிற்பார். பக்கத்தைப் புரட்டி எங்கள் வீட்டு எண்ணைக் காட்டினேன். அப்பாவின் பேரும் படமும் இருந்தன. அதற்கு நேர் கீழே என்னுடையது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் வெவ்வேறு தீவுகளின் பட்டியலில் இருந்தவர்கள். ஒரே பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். நானே செய்த மாற்றம், நானே அச்சில் சரிபார்த்த பக்கம், ஆனாலும் அதுவரை கண்ணில் படவில்லை.

அப்பா குனிந்து விரல் வைத்துப் பார்த்தார். "கீழ இருக்குறது யாரு?"

"நாந்தாம்ப்பா."

"ம்" என்று சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அவர் வெளியே வர நேரமாகிக்கொண்டே போனது. எட்டிப் பார்த்தேன். மையிட்ட விரலை நீட்டி வைத்துக்கொண்டு, மறுகை முட்டியால் எங்கள் பள்ளித் தாழ்வாரச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். என் மேசைக்கு வந்து மெதுவாகச் சொன்னார்:

"மேடம், அந்தக் கதவோரம் உள்ளாறக் காத்து இருக்கு. ஹெட்மாஸ்டர்கிட்டச் சொல்லி வைங்க."

பக்கத்தில் இருந்த டீச்சர் சிரித்தாள். நானும் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் தேர்தல் வேலைப் பளு என்று நினைத்திருப்பார்கள்.

மே விடுமுறையில், கடல் தட்டையாகக் கிடந்த ஒரு வாரத்தில், டாக்டரிடம் கேட்டு, மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வைத்து, அப்பாவை ஹட் பேக்கு அழைத்துப்போனேன். டிக்கெட்டுக்கு நான் வரிசையில் நின்றேன். கப்பலில் அவர் நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் குமட்டிக்கொண்டு வந்தது.

பள்ளிக்கூடம் விடுமுறையில் பூட்டியிருந்தது. காவலாளி ராஞ்சிக்காரர், அப்பாவிடம் ஒரு காலத்தில் கல் சுமந்தவர். ஹெட்மாஸ்டரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாவியோடு ஓடி வந்தார்.

"ஆப் வோட் டால்னே நஹீ ஆயே, சாப்?" என்று கேட்டார். ஓட்டுப் போட ஏன் வரவில்லை என்று. அன்று காலை முழுக்க வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்பா சொன்னார்: "இஸ் பார் பேட்டி கே சாத் டாலா." இந்தத் தடவை மகளோடு சேர்ந்து போட்டேன் என்று. அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாரா என்று கேட்டுக்கொள்ளவில்லை. எதுவானாலும் அதற்கு நான் கடன்பட்டவள்தான்.

முதல் அறையைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, ஒரு தட்டு அகலத்துக்கு, வெறும் சத்தம். அப்பா பையைத் திறந்தார். உள்ளே பூச்சு பூசும் கரணை, பழைய ஹார்லிக்ஸ் டப்பாவில் சிமெண்ட். வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார், எனக்குத் தெரியாமல். அவரும் என்னிடம் ஒன்றை மறைத்தார் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

காவலாளி மணல் சலித்தார். நான் வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். விலகிய பூச்சை அப்பா தட்டி உதிர்த்து, கல்லை நனைத்து, கலவையை அறைந்து, மட்டமாக இழுத்தார். எழுபத்தொன்பது வயசுக் கை நடுங்கவில்லை. வெளியே காற்று உப்பாக வந்தது. அந்தச் சுவர் எழ அவருக்கு நேரம் கொடுத்த, முகம் தெரியாத அத்தனை பேருக்கும் நான் அன்று மனதார நன்றி சொன்னேன். அந்த ஜூனியர் இன்ஜினியருக்கு, தட்டச்சு செய்தவருக்கு, ஏன், அந்த ஜனாதிபதிக்கும்தான்.

மறுநாள் ஜெட்டியில் கப்பலுக்குக் காத்திருக்கும்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தேன். புதிய எட்டாம் நம்பர் படிவம். அப்பாவின் பேரைத் திரும்ப ஹட் பேக்கே மாற்றுவதற்கு. கையெழுத்து இடம் தவிர எல்லாம் நிரப்பியிருந்தேன்.

"வீடு இன்னும் உங்க பேர்லதான் இருக்கு. இங்கயே வந்து இருக்கணும்னு நினைச்சா இருங்கப்பா. லீவுக்கெல்லாம் நான் வந்துடுறேன். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

அப்பா கண்ணாடியை மாட்டினார். முதல் வரியில் விரலை வைத்தார். கப்பல் வந்து கயிறு வீசிக் கட்டி, ஆட்கள் இறங்கத் தொடங்கும்வரை படித்தார். பின்பக்கத்தையும் படித்தார். பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை. தாளை நாலாக மடித்துக் காலி சிமெண்ட் டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

"முழுசாப் படிச்சுட்டேன் தாயி. படிச்சுட்டுத்தேன் சொல்றேன், வேணாம். உன் பேருக்கு மேலயே இருக்கட்டும்."

பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கப்பல் படியில் ஏறினார். பாதியில் நின்று திரும்பி, அடுத்த ஜனாதிபதி தேர்தலுக்குள் நல்ல கால்குலேட்டர் ஒன்று வாங்கி வைக்கச் சொன்னார்.